இன்னலில் வளர்ந்தவர்களின் தன்கட்டுப்பாடு

கையில் வந்த சம்பளத்தை வந்த வாரத்திலேயே கரைத்துவிடுவதும், சேர்ந்த படிப்பைப் பாதியில் நிறுத்துவதும், மேலாளர் சொன்ன ஒரு சொல்லுக்காக வேலையை உதறிவிட்டு வருவதும் இருபது வயதைக் கடந்த இளைஞர்களிடம் தென்படும்போது, சோம்பல், திமிர், வளர்ப்புக் குறை என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதே உலக வழக்கமாக இருந்துவருகிறது. இவற்றுள் கடைசியாகச் சொல்லப்படுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை, கண்டிப்புப் போதவில்லை என்று நினைப்போர் தேடும் இடத்தில் இல்லை என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தைப் பருவத்தில் அனுபவித்த வறுமை, புறக்கணிப்பு, அடி உதை, நிலையில்லாத வீடு ஆகியவை வளர்ந்த பிறகும் சிந்தனையில் தடம் பதிக்கின்றனவா, பதிக்கின்றன என்றால் எந்தெந்தத் திறனில் எவ்வளவு பதிக்கின்றன என்பதே அந்த ஆய்வுகள் எழுப்பிய கேள்வி.

தன்கட்டுப்பாடு என்று பொதுவாகச் சொல்லப்படுவதை உளவியலாளர்கள் ஒற்றைக் குணமாகக் கொள்வதில்லை; இலக்கு ஒன்றை மனத்தில் வைத்து நடத்தையை அதற்கேற்ப வழிநடத்தும் சில திறன்களின் கூட்டாகக் கொண்டு, அவற்றுக்கு நிர்வாகத் திறன்கள் என்று பெயரிட்டிருக்கின்றனர். அவற்றுள் மூன்று அடிப்படையானவை என்று கருதப்படுகின்றன. கைக்கு வந்த விஷயத்தைச் சில நொடிகள் மனத்தில் தாங்கிக்கொண்டே அதன்மீது வேலை செய்வது செயல்நினைவு. சில்லறைக் கணக்கை மனத்திலேயே போடும்போது பயன்படுவது இதுதான். முந்திக்கொண்டு வரும் செயலையோ சொல்லையோ நிறுத்திவைப்பது அடக்கும் திறன். விதி மாறியதும் பழைய வழியை விட்டுப் புதிய வழிக்குத் தாவுவது மனநெகிழ்வு. அடக்கும் திறனை அளக்க 1935-ஆம் ஆண்டு ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்னும் அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு, மையின் நிறம் என்ன என்று கேட்டால், எழுத்தறிந்த எவருக்கும் வாய் முதலில் ‘சிவப்பு’ என்று சொல்லவே முந்துகிறது. அந்த முந்தலைத் தடுத்து ‘நீலம்’ என்று சொல்லப் பிடிக்கும் கூடுதல் நேரமே இங்கு அளவுகோல். இத்திறன்களுக்கு முதன்மையான இருப்பிடமாகிய முன்நெற்றிப் புறணி, அதாவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் மேலடுக்கு, ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கும் பகுதி. இவ்வளவு நீண்ட காலம் கட்டப்படுவதால் வெளிச்சூழலின் நன்மை தீமை இரண்டுக்கும் நீண்ட காலம் அது திறந்தே கிடக்கிறது.

குழந்தைப் பருவ இன்னல்களை எண்ணிக்கையாக்கும் பழக்கம் 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய இரு மருத்துவர்கள் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வோடு வேர்கொண்டது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கைசர் பெர்மனென்ட்டே என்னும் மருத்துவ நிறுவனத்துக்கு உடல் பரிசோதனைக்கு வந்த பெரியவர்களிடம், பதினெட்டு வயதுக்கு முன் அடி, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைக் காணுதல், குடிகாரர் உள்ள வீடு, சிறை சென்ற உறவினர் போன்றவை வாய்த்தனவா என்று கேட்டு, ஒவ்வொரு ‘ஆம்’ என்ற விடைக்கும் ஒரு புள்ளி கொடுக்கப்பட்டது. புள்ளி ஏற ஏற, நடுவயதில் இதய நோயும் குடிப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் ஏறின. பொதுச் சுகாதாரத்துறையின் கண்களைத் திறந்த ஆய்வு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் கூட்டத்தை அளக்க வந்த கோலைத் தனி மனிதர்மீது வைத்து, இத்தனை புள்ளி பெற்றவருக்கு இன்ன கதி என்று ஜாதகம் கணிப்பதுபோல் பேசும் வழக்கம் பின்னாளில் பரவியதும், 2020-இல் ஆண்டாவே முன்வந்து, தனிநபரின் எதிர்காலத்தைச் சொல்ல இப்புள்ளிகள் உதவா என்று எழுத நேர்ந்தது. அடியும் ஒரு புள்ளி, பெற்றோரின் மணமுறிவும் ஒரு புள்ளி என்று கூட்டும் கணக்கில், எது மூளையில் என்ன செய்கிறது என்பது தொலைந்துபோவதே அதன் பெரிய குறை.

அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் கேட்டி மெக்லாக்லின், மார்கரெட் ஷெரிடன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014 வாக்கில் முன்வைத்த பகுப்பு. இன்னல்களை அவர்கள் அச்சுறுத்தல், இழப்பு என்று இரு அச்சுகளில் பிரிக்கின்றனர். அடி, வன்முறை, மிரட்டல் ஆகியவை அச்சுறுத்தல். பேச்சுக் கொடுக்க ஆளில்லாமை, விளையாடப் பொருளும் துணையும் இல்லாமை, அழுதால் வந்து பார்ப்பவர் இல்லாமை ஆகியவை இழப்பு. அதாவது, வளரும் மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தூண்டல் வந்து சேராமை. அச்சுறுத்தலில் வளர்ந்தவர்களிடம் அமிக்டலா என்னும் அச்ச மையத்தின் விழிப்பும் உணர்ச்சிக் கொந்தளிப்பும் மிகுகின்றன என்றும், மொழியையும் நிர்வாகத் திறன்களையும் அதிகம் குலைப்பது இழப்பே என்றும் அவர்களுடைய ஆய்வுகள் சுட்டுகின்றன. அடி கண்ணுக்குத் தெரிவதால் செய்தியாகிறது. யாரும் பேசாமல் விடப்பட்ட குழந்தையின் உடலில் காயமில்லை என்பதால் அது யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை.

இழப்பு என்பதன் முழு வடிவத்தை உலகம் கண்டது ருமேனியாவில். அந்நாட்டை ஆண்ட நிக்கொலாய் சௌசெஸ்கு மக்கள்தொகையைப் பெருக்கும் நோக்கில் 1966-இல் பிறப்பித்த ஆணை கருக்கலைப்பைத் தடை செய்தது; வளர்க்க வழியற்ற குடும்பங்களிலும் குழந்தைகள் பிறந்தன; வளர்க்க இயலாவிட்டால் அரசுக் காப்பகத்தில் விடலாம் என்பது நடைமுறையாயிற்று. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அக்காப்பகங்களில் இருந்தனர். பணியாளர் ஒருவர் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகளைக் கவனிக்க வேண்டியிருந்ததால், பால் புகட்டுவதும் குளிப்பாட்டுவதும் கழிப்புக் கலங்களில் வரிசையாக உட்காரவைப்பதும் மணி அடித்தாற்போல் நடந்தனவே ஒழிய, குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கு நேரமும் இல்லை, அது வேலையாகக் கருதப்படவும் இல்லை. கைக்குழந்தைகள் தொட்டிலில் மல்லாந்து வெண்ணிறக் கூரையைப் பார்த்தபடி கிடந்தனர்; அழுதும் யாரும் வராததால் அழுகையும் குறைந்துபோனது என்று அங்குச் சென்றவர்கள் பதிவு செய்துள்ளனர்.

சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூன்று அமெரிக்க அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஆறு காப்பகங்களிலிருந்து, ஆறு மாதம் முதல் முப்பத்தொரு மாதம் வரை வயதுடைய 136 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுபாதி வழக்கமான பராமரிப்பிலேயே விடப்பட்டனர். காப்பகத்தையே காணாத உள்ளூர்க் குழந்தைகள் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். புக்கரெஸ்டில் அப்போது வளர்ப்புக் குடும்ப முறை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆய்வாளர்களே குடும்பங்களைத் தேடி, ஊதியமும் பயிற்சியும் தந்து அதை உருவாக்க வேண்டியிருந்தது. நல்லது எது என்று தெரிந்தும் பாதிப் பேரைக் காப்பகத்தில் விடலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. எந்தக் குழந்தையையும் ஆய்வின் பெயரால் காப்பகத்தில் நிறுத்திவைப்பதில்லை, வேறு குடும்பம் கிடைத்தால் தடையின்றிப் போகலாம் என்ற விதியோடுதான் அது நடந்தது. அந்த விடை எல்லோருக்கும் நிறைவு தந்ததாகச் சொல்ல முடியாது. ஆயினும் குலுக்கலால் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒரு தெளிவு இங்குக் கிடைத்தது: காப்பகக் குழந்தைகள் பின்தங்குவது பிறவியிலேயே அவர்களிடம் குறை இருந்ததால்தான் என்ற பழைய வாதம், இரு பாதிகளும் ஒரே காப்பகங்களிலிருந்து வந்தவை என்பதால் எடுபடாமல் போயிற்று.

நான்கரை வயதில் எடுத்த அறிவுத்திறன் அளவீட்டில் காப்பகக் குழுவின் சராசரி 73 ஆகவும், வளர்ப்புக் குடும்பக் குழுவின் சராசரி 81 ஆகவும், சொந்த வீட்டில் வளர்ந்தோரின் சராசரி 109 ஆகவும் இருந்தன. ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்கள் கூடுதலாகத் தேறினர். குடும்பம் கிடைத்ததால் அறிவுத்திறன் உயர்ந்தது என்பதோடு இச்செய்தி முடிந்திருந்தால் ஆறுதலான கதையாக இருந்திருக்கும். நிர்வாகத் திறன்களின் கதை வேறு விதமாக விரிந்தது.

எட்டு, பன்னிரண்டு, பதினாறு வயதுகளில் இப்பிள்ளைகளுக்குத் தொடுதிரையில் கொடுக்கப்பட்ட சோதனைகளுள் ஒன்று, திரையில் சிதறிக் கிடக்கும் பெட்டிகளைத் தொட்டுத் திறந்து உள்ளே ஒளிந்திருக்கும் வில்லைகளைத் தேடுவது. ஒருமுறை வில்லை கிடைத்த பெட்டியில் மறுபடி கிடைக்காது என்பது விதி. எந்தெந்தப் பெட்டி முடிந்துபோனது என்பதைத் தேடலின் நடுவிலேயே நினைவில் சுமந்தாக வேண்டும். பெட்டிகளின் எண்ணிக்கை கூடக்கூடச் சுமை கூடுகிறது. 2019-இல் மார்க் வேடும் சகாக்களும் வெளியிட்ட முடிவின்படி, வயதோடு எல்லாப் பிள்ளைகளும் முன்னேறினர். ஆனால் காப்பகத்தைக் கண்டவர்களுக்கும் காணாதவர்களுக்கும் இடையே கவனத்திலும் திட்டமிடுதலிலும் எட்டு வயதில் இருந்த இடைவெளி பதினாறிலும் அப்படியே நின்றது. பெட்டிகளைத் தேடும் செயல்நினைவில் இடைவெளி குறையாததோடு விரியவும் செய்தது. காட்சி நினைவிலும் புதியதைக் கற்பதிலும் மட்டும் வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் பதின்வயதில் காப்பகத்தைக் காணாதவர்களை எட்டிப்பிடித்தனர். இங்கு ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். குலுக்கலின் பலம் குடும்பம் பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிடும்போதுதான் உண்டு. காப்பகத்தையே காணாத பிள்ளைகளோடு ஒப்பிடும்போது, கருவிலேயே ஊட்டக்குறைவு, தாயின் குடிப்பழக்கம் போன்ற வேறு காரணங்களும் இடைவெளியில் கலந்திருக்கக்கூடும்.

இளைஞர் பருவம் வரை பின்தொடர்ந்த மற்றொரு ஆய்வு பிரிட்டனில் நடந்தது. ஆட்சி கவிழ்ந்த பின் ருமேனியாவிலிருந்து பிரிட்டிஷ் குடும்பங்கள் தத்தெடுத்த 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டரும், அவருக்குப் பின் எட்மண்ட் சொனூகா-பார்க்கும் தொடர்ந்து கண்காணித்து வந்தனர். பிரிட்டனுக்குள்ளேயே தத்தெடுக்கப்பட்ட 52 குழந்தைகள் ஒப்பீட்டுக்கு உதவினர். 2017-இல் வெளிவந்த இளமைப் பருவ அறிக்கை, ஆறு மாதமே எல்லைக்கோடாக அமைந்ததைக் காட்டியது. ஆறு மாதத்துக்குள் காப்பகத்தை விட்டு வந்தவர்கள், இருபத்து நான்கு வயதையொட்டிய காலத்தில் பிரிட்டிஷ் தத்துப்பிள்ளைகளிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. அதைவிட நீண்ட காலம் இருந்தவர்களிடம், சிறு வயதில் தாழ்ந்திருந்த அறிவுத்திறன் இளமையில் இயல்பு நிலையை நெருங்கிவிட்டபோதும், கவனச் சிதறலும் நிலைகொள்ளாமையும் அந்நியரிடம் எல்லையின்றிப் பழகும் போக்கும் விடாமல் தொடர்ந்தன. வேலையின்மையும் குறைந்த படிப்பும் அவர்களிடம் மிகுந்திருந்தன. அன்பும் வசதியும் நிறைந்த வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால்தான் இதன் கனம் புரியும். 2020-இல் இவர்களுள் 67 பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஒப்பீட்டுக் குழுவினருடையதைவிட மொத்தக் கன அளவு 8.6 விழுக்காடு குறைவாக இருந்ததும், காப்பகத்தில் கழிந்த ஒவ்வொரு கூடுதல் மாதத்துக்கும் ஏறத்தாழ 0.27 விழுக்காடு குறைந்ததும் தெரியவந்தது. 2017-ஆம் ஆண்டு அறிக்கையில், ஆறு மாதத்துக்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்த வயதிலும் குறிப்பிடத்தக்க சிக்கல் ஏதுமின்றி வளர்ந்ததும் பதிவாகியிருக்கிறது.

ருமேனியா ஒரு கடைக்கோடி. அவ்வளவு கொடிதல்லாத, அன்றாட வறுமையிலும் இதேபோன்ற தடம் விழுகிறதா என்பதற்கு கேரி எவன்ஸ், மிஷெல் ஷாம்பெர்க் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு விடை சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறங்களில் வளர்ந்த பிள்ளைகளைத் தொடர்ந்ததில், பிறப்பு முதல் பதின்மூன்று வயது வரை எத்தனை காலம் வறுமையில் கழிந்ததோ அந்த அளவுக்குப் பதினேழு வயதில் செயல்நினைவு குன்றியிருந்தது. அதற்கு இடைக்கண்ணியாக நின்றது உடலில் சேர்ந்த அழுத்தத்தின் சுமை. இரத்த அழுத்தம், அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் போன்ற இயக்குநீர்களின் அளவு, உடல் எடை ஆகியவற்றைச் சேர்த்து அச்சுமை கணக்கிடப்பட்டது. கடன்காரர் கதவைத் தட்டும் ஓசைக்கும் வீட்டுக்குள் வெடிக்கும் சண்டைக்கும் ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராவது இயல்பு. அந்தத் தயார்நிலை ஆண்டுக்கணக்கில் தணியாதபோது, நிதானமாக யோசிக்கும் முன்நெற்றிப் புறணிக்கு இடையறாத இடையூறாகிறது. இது எப்போதும் கார்டிசால் பெருக்காகவே வெளிப்படும் என்பதும் இல்லை: புக்கரெஸ்ட் பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதையொட்டிச் சோதித்தபோது, நெருக்கடி வந்தும் காப்பகப் பிள்ளைகளின் கார்டிசால் எழும்ப வேண்டிய அளவுக்கு எழும்பவில்லை, இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களிடம் அது இயல்பாக எழும்பியது.

இவ்வளவையும் படித்துவிட்டு, இன்னலே எல்லாவற்றுக்கும் காரணம் என்று தீர்ப்பெழுத முனைவோரை நிறுத்திவைக்கும் ஆய்வும் ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995 ஆண்டுகளில் பிறந்த 2,232 இரட்டையர்களையும், நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த இரு ஆய்வுகளின் தரவுகளைக் கொண்டு ஆண்ட்ரியா டனேசி முதலானோர் 2017-இல் ஒரு கேள்வியைச் சோதித்தனர்: கொடுமைக்கு ஆளான பிள்ளைகளிடம் வளர்ந்த பின் காணும் சிந்தனைக் குறைவு, கொடுமையால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா? குறைவு இருந்தது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி கொடுமைக்கு முன்பே இருந்த வேறுபாடுகளாலும், குடும்ப வறுமை, மரபுக்கூறு ஆகியவற்றாலும் விளக்கப்பட்டுவிட்டது. இதனால் பிள்ளைகளை அடிப்பதற்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. மனச்சோர்வு, அச்சம் போன்றவை வேறு கணக்கு. இளைஞரின் நினைவாற்றல் குறைவை மட்டும் வைத்து அவருடைய வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது ஆகாது என்பதே இதிலிருந்து கிடைப்பது.

ஊகிக்கக் கூடாமைக்கு இன்னொரு காரணம் தமிழ்நாட்டுக் கரும்புக் காடுகளிலிருந்து வருகிறது. செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 சிறு விவசாயிகளைக் கரும்பு வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். எழுத்தறியாதோரும் இருந்ததால் ஸ்ட்ரூப் சோதனை எண்களைக் கொண்டு அமைந்தது: 5 என்ற எண் மூன்று முறை அச்சிடப்பட்டிருந்தால் ‘ஐந்து’ என்று சொல்லாமல் ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். வெட்டுக்கு முன், பணமுடையில் அடகும் கடனும் மிகுந்திருந்த மாதங்களில், அதே விவசாயிகள் மெதுவாகவும் கூடுதல் பிழைகளோடும் விடை சொன்னார்கள். வெட்டு முடிந்து பணம் கைக்கு வந்தபின் தேறினார்கள். ஆள் மாறவில்லை, அவருடைய குழந்தைப் பருவமும் மாறவில்லை. மாறியது பணமுடை மட்டுமே. இன்னலில் வளர்ந்த இளைஞர்களுள் பலர் இன்றும் முடையில்தான் வாழ்கிறார்கள் என்பதால், சோதனை அறையில் அவர்களிடம் காணும் தடுமாற்றத்தில் பழைய தழும்பு எவ்வளவு, இன்றைய பாரம் எவ்வளவு என்று பிரித்தறியாமல் பேசுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

தன்கட்டுப்பாட்டைப் பற்றிய பேச்சில் தவறாமல் இடம்பெறும் மிட்டாய்ச் சோதனையும் இவ்விடத்தில் மறுபார்வைக்கு உரியது. மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சுபோன்ற மிட்டாய் ஒன்றைக் குழந்தையின் முன் வைத்து, சிறிது நேரம் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்லிவிட்டுப் போகும் இச்சோதனையை வால்டர் மிஷெல் 1960-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் தொடங்கினார். காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் சிறந்து விளங்கினர் என்ற செய்தி மேடைப் பேச்சுகள் வரை பரவியது. 2013-இல் செலஸ்ட் கிட்டும் சகாக்களும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்தனர். மிட்டாய்க்கு முன்னால், படம் தீட்ட நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போன ஆய்வாளர், பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறுபாதிக்கு வெறுங்கையோடு திரும்பி, இல்லை, மன்னித்துவிடு என்றார். அடுத்து மிட்டாய் வந்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர்; ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். பதினான்கு பேர் கொண்ட அவ்விரு குழுக்களில், பதினைந்து நிமிடமும் காத்திருந்தவர்கள் முன்னதில் ஒன்பது பேர், பின்னதில் ஒரே ஒருவர். குழு சிறியதாயினும் வேறுபாடு பெரிது. 2018-இல் டைலர் வாட்ஸ் முதலானோர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவைக் கொண்டு, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் மிட்டாய்க்காகக் காத்திருந்ததற்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோவதைக் காட்டினர். வாக்கு பொய்க்கும் வீட்டில், இன்று கிடைப்பதை இன்றே தின்பது புத்திசாலித்தனம். அந்தப் பழக்கமே இருபது வயதில் சம்பளத்தைச் சேமிக்காத குறையாகப் பார்க்கப்படுகிறது.

இதே திசையில் 2015-இல் சிராக் மிட்டல், விளாடஸ் கிரிஸ்கெவிசியஸ் முதலானோர் இன்னும் ஓரடி சென்றனர். நாளை எப்படியிருக்கும் என்று தெரியாத வீடுகளில் வளர்ந்த பெரியவர்கள், நிலையின்மையை நினைவூட்டும் சூழலில் சோதிக்கப்பட்டபோது அடக்கும் திறனில் பின்தங்கினாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று கவனத்தை மாற்றுவதில் மற்றவர்களை விஞ்சினர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே குரலில் உறுதிசெய்யவில்லை. ஆகவே இதைக் கொண்டாடி, துயரம் திறமையைத் தரும் என்று பேசத் தொடங்குவது பழைய தவற்றின் மறுபக்கமாகவே முடியும்.

சிதைந்ததைச் சீர்செய்ய வழியுண்டா என்ற கேள்விக்கு விடையாக, கணினி விளையாட்டுகளால் செயல்நினைவை வளர்க்கலாம் என்று ஒரு காலத்தில் பெரிதும் நம்பப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் அந்த விளையாட்டிலும் அதையொத்த சோதனைகளிலும் தேறினார்களே தவிர, வாழ்க்கையில் பெரிதாகத் தேறவில்லை. புக்கரெஸ்டின் இருபதாண்டுத் தரவுகள் காட்டுவது வேறு: மிக இளம் வயதிலேயே குடும்பம் கிடைத்தவர்களும், வீடு வீடாக மாற்றப்படாமல் முதலில் சேர்ந்த வீட்டிலேயே நிலைத்து வளர்ந்தவர்களும் அதிகம் மீண்டனர். ருமேனியாவும் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, கடும் ஊனமுற்றோர் நீங்கலாக, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகங்களில் சேர்ப்பதைத் தடை செய்தது.

இரண்டு வயதைத் தவறவிட்டால் கதவு அடைந்துவிடுகிறது என்றும் கொள்ள வேண்டியதில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேகன் கன்னர் தலைமையில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் மங்கிய கார்டிசால் எழுச்சி, பூப்புப் பருவத்தைக் கடக்கையில் மற்றப் பிள்ளைகளுடையதை ஒத்துவிடுவதைக் கண்டது. பூப்புப் பருவத்தில் உடல் தன் அழுத்த ஒழுங்கைச் சுற்றியுள்ள இன்றைய நிலைமைக்கு ஏற்ப மறுபடி அமைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அந்த ஆய்வில் இடம்பெற்ற பிள்ளைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, படிப்பும் வருமானமும் உள்ள குடும்பங்களின் வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டவர்கள்.